வாயைக் கட்டிய வள்ளல்கள்

கன்னத்துப் புற்றை வெட்டியெடுத்து, தையல் ஆறி, கரண்ட் வைக்கப் போன ஒரு மனிதரை நான்கே வாரத்தில் 62 கிலோவிலிருந்து 56 கிலோவுக்குக் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியமில்லை. அந்தப் பெருமை முழுவதையும் கதிர்வீச்சு எந்திரத்துக்கே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ‘கரண்ட் வெச்சா அப்படித்தான், உடம்பு உருகிப்போகும்’ என்று ஊரே ஒரு குரலில் பேசுகிறது. இதைவிட நன்றிகெட்டதனம் வேறு உண்டா? எந்திரம் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் வேலை பார்க்கிறது. அதுவும் திங்கள் முதல் வெள்ளி வரைதான். சனி, ஞாயிறு லீவு. எங்கள் பெரியப்பாவுக்கு லீவே கிடையாது.

சித்தப்பாவை மெலிய வைத்த திருப்பணியில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இதுவரை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. கோயிலுக்குக் கொடுத்த ட்யூப்லைட்டில்கூட உபயதாரர் பெயர் எழுதுகிற ஊர் நம்முடையது. இவ்வளவு பெரிய உபயத்தை எழுதாமல் விட்டால் பாவம் வந்து சேரும்.

பெரியப்பா மின்வாரியத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஆகவே கரண்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் இது தன் இலாகா என்று வந்து உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நாங்கள் எடுத்திருந்த வாடகை அறையில் ஒரு கட்டில் நோயாளிக்கு, இன்னொன்று பெரியப்பாவுக்கு, பாய் சித்திக்கு. தம்பிமேல் அவருக்கு இருக்கும் பாசத்தை யாரும் குறை சொல்ல முடியாது. திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் மென்ற காலத்தில், தம்பி வாய்க்குள் என்ன போகிறது என்று அவர் ஒரு நாளும் தலையிட்டதில்லை. புகையிலையைக் கிள்ளித் தன் கையாலேயே நீட்டியிருக்கிறார். அத்தனை பெருந்தன்மை. கன்னத்தில் புண் வந்து, சதை எடுத்துச் சோதித்து, டாக்டர் அதன் பெயரைச் சொன்ன பிறகுதான் தம்பியின் வாயைக் கட்டும் பொறுப்பைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டார்.

முதலில் முட்டையை நிறுத்தினார். சூடு. பாலை நிறுத்தினார். சளி கட்டும். கறியும் மீனும் புண்ணில் சீழ் வைக்கும் என்பதால் அந்தப் பேச்சே அறைக்குள் வரக் கூடாது. தயிர் குளிர்ச்சி, வேர்க்கடலை பித்தம், கத்தரிக்காய் கரப்பான், உளுந்து வாயு. சூட்டையும் குளிர்ச்சியையும் ஒரே நாளில் விலக்கி வைக்க எவ்வளவு ஞானம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே போனவை எல்லாம் போக மிச்சம் இருந்தது நொய்க் கஞ்சி, இளநீர், மிளகு ரசம். ‘பத்தியம்னா பத்தியம்தாம்மா, உன் கண்ணுக்குப் பாவமா இருக்குன்னு எதையும் குடுத்துடாத’ என்று சித்தியிடம் கண்டிப்பாகச் சொன்னார். சித்தி, ‘சரிங்க மாமா’ என்றாள். அவள் வேறென்ன சொல்வாள்?

கணக்கு அவருடைய தொழில். எனவே அவருக்கு மரியாதையாக நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். புற்றுநோய்க்காரருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, 1 கிராமுக்குக் குறையாமல் முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் என்று ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவர்களின் வழிகாட்டி சொல்கிறது. 62 கிலோ சித்தப்பாவுக்கு அது நாளொன்றுக்கு 1,550 கலோரிக்கு மேல். புரதம் 62 முதல் 93 கிராம். ஒரு டம்ளர் கஞ்சிக்குச் சித்தி போட்டது ஒரு கைப்பிடி, 25 கிராம் நொய். அதில் 90 கலோரிகூடத் தேறாது. புரதம் 2 கிராமுக்குள். ஆக, புரதத்துக்காக மட்டும் தினம் முப்பது டம்ளருக்கு மேல் கஞ்சி குடிக்க வேண்டும். வாய் முழுக்கப் புண்ணோடு சித்தப்பா குடித்தது ஐந்து. இளநீரையும் ரசத்தையும் தாராளமாகச் சேர்த்தாலும் 600 கலோரியைத் தாண்டவில்லை. பத்து முட்டையில் 60 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு லிட்டர் பாலில் 30 கிராமுக்கு மேல் இருக்கிறது என்பதெல்லாம் சூடும் சளியும் அறியாதவர்கள் எழுதி வைத்த கணக்கு.

பெரியப்பாவை வெறும் பழமைவாதி என்று நினைத்துவிடாதீர்கள். விஞ்ஞானமும் தெரிந்தவர். காபியில் சர்க்கரையை நிறுத்தியது அந்த விஞ்ஞானத்தால்தான். ‘கேன்சருக்கு ஆகாரமே சர்க்கரைதான், அதை நிறுத்தினா கட்டி தானா செத்துப்போகும்’ என்று கைபேசியில் வந்த வீடியோவைச் சத்தமாக வைத்துக் காட்டினார். 1920-களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க், கட்டியின் செல்கள் பிராணவாயு இருக்கும்போதும் குளுக்கோஸை அளவுக்கு மீறி விழுங்குவதைக் கண்டுபிடித்தது உண்மை. 1931-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் உண்மை. அது வேறு ஆராய்ச்சிக்கு. வார்பர்க் தொடாமல் விட்ட இடத்தைப் பெரியப்பா பூர்த்தி செய்தார். காபியில் போடாத சர்க்கரையை உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும். தசையை உருக்கி, அதிலிருந்து குளுக்கோஸ் செய்து இரத்தத்தில் விடும். கட்டி ஒரு வேளையும் பட்டினி கிடப்பதில்லை. பட்டினி கிடந்தது சித்தப்பாவின் தொடை. லுங்கியை இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிக் கட்டும்போதெல்லாம் அந்த விஞ்ஞானம் கண்ணுக்குத் தெரிந்தது.

அதே கைபேசிக்குள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை பெயரில் ஒரு புற்றுநோய் அறிவிப்பும் வந்தது: சர்க்கரை கூடாது, பால் கூடாது, இறைச்சி கூடாது. அது எங்களுடையதில்லை, நம்பாதீர்கள் என்று அந்த மருத்துவமனையே வெளிப்படையாக மறுத்துப் பல வருடமாகிறது. தன்னடக்கத்தால் அப்படிச் சொல்கிறார்கள் என்று பெரியப்பா பெரிய மனசோடு எடுத்துக்கொண்டார். முள் சீத்தா இலைக் கஷாயம் பற்றியும் எழுதலாம். வேண்டாம், சித்தி இரண்டு வேளைக்குப் பிறகு அதை ஜன்னல் வழியே கொட்டிவிட்டாள்.

மூன்றாவது வாரத்து வாயை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கதிர் படும் இடத்தில் வாயின் உள்தோல் புதிதாக வளர்வது நின்று, பழையது உரிந்து, கீழிருக்கும் சதை திறந்துகொள்கிறது. இரண்டாவது வாரக் கடைசியில் சிவந்தது, மூன்றாவது வாரம் உள்கன்னத்திலும் நாக்கின் ஓரத்திலும் வெள்ளைத் திட்டுகள், தொட்டால் ரத்தம். எச்சில் வற்றிப்போய், மிஞ்சியது கெட்டியாகி, துப்பினால் உதட்டிலிருந்து தரைவரை நூலாக இழுக்கும். விரலால் அறுத்துவிட வேண்டும். நாக்கில் ருசி அடங்கிவிட்டது. கஞ்சியும் மண்ணும் ஒன்றுதான் என்று சித்தப்பா எழுதிக் காட்டினார். பேசினால் வலித்ததால் ஒரு பழைய டைரியில் எழுதித்தான் காட்டுவார். வெறும் தண்ணீரே எரிந்தது.

இந்த வாய்க்குத்தான் பெரியப்பா கொதிக்கக் கொதிக்க மிளகு ரசம் கொண்டுவந்தார். ‘தொண்டைக்கு இதமா இருக்கும், குடிடா.’ அண்ணன் சொல்லைத் தட்டாத தம்பி ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது. கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ‘பாத்தியாம்மா, கபம் எப்படிக் கரைஞ்சு வருது’ என்று பெரியப்பா சித்தியைப் பார்த்துப் பூரித்தார். எந்த மருத்துவக் கல்லூரியிலும் சொல்லித் தர முடியாத நோய்க்குறி வாசிப்பு அது. அதற்கு மறுநாள் சித்தப்பா கஞ்சியையும் ஐந்திலிருந்து மூன்று டம்ளராகக் குறைத்துக்கொண்டார். பத்தியத்தில் தம்பிக்கு ஊக்கம் வந்துவிட்டது என்று பெரியப்பா ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

பார்க்க வந்தவர்களும் சும்மா வரவில்லை. திட்டுத் திட்டாகப் புண்ணான வாய்க்கு ஆரஞ்சும் சாத்துக்குடியும், இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காத தாடைக்கு ஆப்பிளும் வாங்கி வந்தார்கள். அறை மூலையில் பழக்கடை வைக்கும் அளவுக்குச் சேர்ந்தது. அத்தை ஒருத்தி, ‘தொப்பையெல்லாம் போய் அண்ணன் சின்னப் பையன் மாதிரி ஆயிட்டாரு’ என்று மகிழ்ந்தாள். நோயாளியிடம் நல்ல வார்த்தை சொல்வது நம் பண்பாடு. ஒரு மாதத்தில் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அதைக் கடுமையான இழப்பு என்று மருத்துவ நூல்கள் பயமுறுத்துகின்றன. சித்தப்பாவோ பத்து சதவீதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியின் பங்கைச் சொல்லாமல் விட்டால் பாரபட்சம் ஆகும். பெரியப்பா ஒருவரே இதைச் சாதித்துவிட முடியாது. நிர்வாகத்தின் ஒத்துழைப்பு வேண்டும்.

அந்த இடத்தின் துல்லியத்தைப் பார்த்து நான் அசந்து போனேன். மொத்தக் கதிரளவு 60 கிரே, 30 தவணை, தவணைக்கு 2 கிரே. முதலில் சிடி ஸ்கேன் எடுத்து, எந்த இடத்துக்கு எவ்வளவு போக வேண்டும், முதுகுத் தண்டுக்கும் எச்சில் சுரப்பிக்கும் எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று இயற்பியலாளர்கள் கணினியில் உட்கார்ந்து கணக்கிட்டார்கள். தலை அசையாமலிருக்க ஒரு முகமூடி. வெந்நீரில் போட்டால் இளகும் வலை போன்ற பிளாஸ்டிக் தகடு அது. அதை முகத்தில் அப்பி, மூக்கு, தாடை, நெற்றி அளவுக்கு அழுத்தினார்கள். சில நிமிடத்தில் இறுகி சித்தப்பாவின் முகமாகவே நின்றது. தினமும் அதை மாட்டி மேசையோடு பூட்டித்தான் கரண்ட். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போகக் கூடாது என்று சொன்னார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவு கறாராக இருந்தவர்கள் ஆறு கிலோவைப் பெரிதுபடுத்தாமல் விட்டார்களே, அந்தத் தாராளம் எல்லோருக்கும் வராது.

ஃபைலில் வாரா வாரம் எடை எழுத ஒரு கட்டம் உண்டு. எடை மெஷினும் உண்டு, நடைபாதையில், பழைய ஃபைல் கட்டுகளைத் தாங்கிக்கொண்டு. கட்டுகளை இறக்கி வைத்து மெஷினைத் தொந்தரவு செய்வானேன் என்று, உதவியாளர் வாய்வார்த்தையிலேயே வேலையை முடித்துவிடுவார். ‘வெயிட்டு எவ்ளோ?’ சித்தப்பாவுக்குப் பேச முடியாது. பெரியப்பா முந்திக்கொண்டு, ‘அறுபத்திரண்டு’ என்பார். உதவியாளர் 62 என்று எழுதுவார். அடுத்த வாரமும் 62. அதற்கடுத்த வாரமும் 62. சித்தப்பாவின் தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்த வாரத்திலும் ஏட்டில் அவர் ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

டாக்டர் தங்கமான மனிதர். நூறு பேர் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் ஒவ்வொருவருக்கும் ஏதாவது சொல்லாமல் விடமாட்டார். எங்களுக்குச் சொன்னது, ‘நல்லா சாப்பிடுங்க.’ வள்ளுவருக்கே ஏழு சீர் தேவைப்பட்டது. இவருக்கு இரண்டு போதும். எதை, எவ்வளவு, எந்தப் பக்குவத்தில், விழுங்க முடியாதபோது எப்படி என்பதெல்லாம் உரையாசிரியர்கள் பாடு. உரையாசிரியர் எங்கள் அறையிலேயே இருந்ததால் சிரமமில்லை. ‘நல்லா சாப்பிடுங்கன்னா நல்லதைச் சாப்பிடுங்கன்னு அர்த்தம்’ என்று பெரியப்பா விளக்கினார். நல்லது என்பது நொய்க் கஞ்சி.

உணவு அட்டவணை என்று அச்சடித்த காகிதமும் கொடுத்தார்கள், ஆங்கிலத்தில். ப்ரொக்கோலி, ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், வாட்டிய சால்மன் மீன். சித்தி அதை நான்காக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினாள். உணவியல் நிபுணர் நான்காவது மாடியில் இருக்கிறார், டாக்டர் சீட்டு எழுதினால் பார்க்கலாம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. சீட்டு எழுத டாக்டருக்கு எடை குறைந்திருக்க வேண்டும். எடைதான் 62-ஆயிற்றே.

இந்த விஷயத்தில் போர்ச்சுகல்காரர்கள் கொஞ்சம் அவசரக்காரர்கள். லிஸ்பனில் பாவ்லா ரவாஸ்கோ குழுவினர் கதிர்வீச்சுக்கு வந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 75 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு உணவியல் நிபுணர் கூடவே உட்கார்ந்து, அவரவர் வீட்டுச் சாப்பாட்டையே மாற்றி அமைத்துச் சொல்லித் தந்தார். இரண்டாம் பிரிவுக்கு வழக்கமான சாப்பாட்டோடு சத்து டப்பா. மூன்றாம் பிரிவினர் அவரவர் விருப்பம். கதிர்வீச்சு முடிந்தபோது முதல் இரண்டு பிரிவினரும் முன்பைவிடக் கூடுதலாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அந்த முன்னேற்றத்தைத் தக்க வைத்துக்கொண்டது சொல்லிக் கொடுத்த பிரிவு மட்டும். 2005-ல் இதை அச்சிட்டும் விட்டார்கள். ஒரு நாற்காலி, ஒரு ஆள், வாரத்துக்கு ஒரு உரையாடல் என்பதற்கு மேல் இதில் எந்த எந்திரமும் இல்லை. எந்திரம் இல்லாத வைத்தியத்துக்கு யார் திறப்பு விழா நடத்துவார்கள்?

டப்பா என்றதும் இன்னொரு வள்ளல் நினைவுக்கு வருகிறார். எங்கள் தெருவில் சங்கிலி வியாபாரத்தில் சத்துப்பொடியும் மாத்திரையும் விற்பவர். உயிர்ச்சத்து இ, பீட்டா கரோட்டின் எல்லாம் நிறைந்த மாத்திரை, கரண்டின் பக்க விளைவை அப்படியே தடுக்கும் என்று வாடகை அறை வரை தேடி வந்தார். சொன்னதில் பாதி சரி. கனடாவில் ஆரம்ப நிலையில் இருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 540 பேரிடம் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள்: இந்த மாத்திரைகளை அதிக அளவில் தின்றவர்களுக்குப் பக்க விளைவு குறைந்தது; கூடவே புற்று திரும்பி வரும் போக்கும் அதிகமாகத் தெரிந்தது. கதிரிடமிருந்து நல்ல செல்லைக் காப்பாற்றுகிற மாத்திரைக்குக் கெட்ட செல்லைத் தள்ளி வைக்க மனசு வரவில்லை போலும். விலையைக் கேட்டுச் சித்தி திருப்பி அனுப்பிவிட்டாள். வறுமைக்கும் சில நன்மைகள் உண்டு.

எல்லாம் இப்படிக் கூடி வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் ஒரு பெண் குறுக்கே வந்தாள்.

கதிர்வீச்சு அறை டெக்னீஷியன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று வீட்டில் சொல்லித் தரவில்லை. நான்காவது வாரத்தில் ஒரு நாள், முகமூடியை மாட்டிப் பூட்டியவள், பொத்தானை அமுக்கிவிட்டுப் போகாமல் சித்தப்பாவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒட்டியிருக்க வேண்டிய வலைக்கும் தோலுக்கும் நடுவே அவள் விரல் உள்ளே போனது. வெளியே வந்து, ‘மாஸ்க் லூசா இருக்கு சார். வெயிட் எவ்ளோ குறைஞ்சிருக்கு?’ என்று கேட்டாள். ‘ஒண்ணும் குறையலம்மா, ஃபைல பாரு’ என்றார் பெரியப்பா. எழுதி வைத்த ஃபைலைவிடத் தன் விரலை நம்பும் அகங்காரம் அவளுக்கு. நடைபாதைக்குப் போய், பழைய கட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளி, மெஷினைத் துடைத்து, சித்தப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றி நிறுத்தினாள். 56.

பிறகு நடந்தவை பெரியப்பாவின் வாழ்க்கையில் மறக்க முடியாத அவமானங்கள். கன்னம் வற்றிய பிறகு பழைய கணக்குப்படி கதிர் விட்டால் போகக் கூடாத இடத்துக்குப் போகும் என்று மறுபடியும் சிடி, மறுபடியும் முகமூடி, மறுபடியும் கணக்கு. இரண்டு நாள் கரண்ட் நின்றது. இந்த வகைப் புற்றில் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும், கட்டியை அடக்கும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கு மேல் குறையும் என்று ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. விட்டுப்போன நாளை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார்கள். பத்தியம் கட்டியை எவ்வளவு சுருக்கியது என்று தெரியவில்லை. முகத்தைச் சுருக்கியதில் சந்தேகமில்லை.

நான்காவது மாடி அம்மாள் இன்னும் மோசம். ‘நல்லா சாப்பிடுங்க’ என்ற இரண்டு சொல்லில் முடிகிற விஷயத்துக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். காலையில் என்ன குடித்தார், எத்தனை டம்ளர், டம்ளர் எவ்வளவு பெரிசு, மிச்சம் வைத்தாரா என்று போலீஸ் விசாரணை. வீட்டில் மிக்ஸி இருக்கிறதா, அறையில் அடுப்பு வைக்க விடுவார்களா என்றுகூடக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, ‘இவரு கரண்டாலயா இளைச்சாரு, பட்டினியால இல்ல இளைச்சிருக்காரு’ என்று பெரியப்பா முகத்துக்கு நேராகவே சொன்னாள். ‘அய்யா, நீங்க அண்ணனா? கரண்ட் முடியற வரைக்கும் கொஞ்சம் ஊர்ல ரெஸ்ட் எடுங்களேன்.’

மூக்குக் குழாய் வழியே ஆகாரம் கொடுக்கலாம் என்று அவள் சொன்னதும் பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். ‘மூக்குல ட்யூப் போட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம். எங்க மாமனாருக்கு அப்படித்தான் ஆச்சு.’ அந்தக் குழாய்க்கு ரைல்ஸ் ட்யூப் என்று பெயர். லண்டன் டாக்டர் ஜான் ரைல் 1921-ல் இரைப்பைச் சாறெடுத்துச் சோதிக்க அறிமுகப்படுத்தியது. சாகப் போகிறவர்களுக்கு மட்டும் என்று அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. வாய்ப்புண் ஆறும் வரைக்கும்தான், பிறகு உருவி எறிந்துவிடலாம் என்று அந்த அம்மாள் சித்தப்பாவையே பார்த்துச் சொன்னாள். சித்தப்பா டைரியில் ‘போடுங்க’ என்று எழுதினார். அண்ணன் சொல்லைத் தட்டிய முதல் தடவை.

அவள் சொல்லிக் கொடுத்த சமையல் ஒரு பாவக் களஞ்சியம். பால், வேகவைத்த முட்டை, சத்துமாவு, பொட்டுக்கடலை மாவு, வெல்லம், ஒரு கரண்டி எண்ணெய். மிக்ஸியில் நைசாக அடித்து மெல்லிய வடிகட்டியில் வடித்து, இரண்டு மணிக்கு ஒரு தடவை 200 மில்லி. சூடு, சளி, பித்தம், வாயு, சர்க்கரை என்று பெரியப்பா விலக்கி வைத்த அத்தனை பேரும் ஒரே டம்ளரில். சித்தி பெரிய சிரிஞ்சைக் குழாயில் செருகித் தூக்கிப் பிடித்துக்கொள்வாள்; அழுத்தாமல் தானாக இறங்க வேண்டும். முடிந்ததும் குழாய் அடைக்காமலிருக்கத் தண்ணீர். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், முடிந்த பிறகும் அரைமணி நேரம் படுக்கக் கூடாது. வாய்க்குத் தனியாக, அரை லிட்டர் ஆறின தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு, அரை ஸ்பூன் ஆப்பசோடா போட்டு நாளெல்லாம் கொப்பளிப்பு. வலி மாத்திரையைப் பொடித்துக் குழாய் வழியே. குழாய் இருக்கிறதே என்று தொண்டையைச் சும்மா விட்டால் அதற்கு விழுங்க மறந்துவிடும் என்று, வேளைக்கு நாலு மடக்குத் தண்ணீராவது வாயால் குடிக்க வைத்தாள். ஒரு மனிதரை நிம்மதியாகப் படுத்திருக்க விடாத பிறவி.

திங்கள்கிழமை தோறும் மெஷினில் ஏற்றினார்கள். 56, 56, 57. சாதனை அங்கேயே நின்றுபோனது. இன்னும் இரண்டு வாரம் பெரியப்பா கையில் விட்டிருந்தால் 50-ஐப் பார்த்திருக்கலாம். 30 தவணையும் முடிந்து, அதன் பிறகும் மூன்று வாரம் புண் இருந்து, ஒருவழியாகத் தோல் மூடிக் குழாயை எடுத்தார்கள். எச்சில் இன்னும் சரியாக ஊறவில்லை. இனிப்பு நாக்குக்கு எட்டுகிறது, உப்பு எட்டவில்லை. இட்லியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார்.

பெரியப்பா மனம் தளரவில்லை. குழாய் எடுத்த செய்தி வந்த அன்றே ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்: ‘அவ்ளோ கரண்டையும் தாங்கினான்னா காரணம் என்ன? ஆரம்பத்துல நான் குடுத்த கஞ்சி. வயிறு சுத்தமா இருந்துச்சு.’ ஊரும் ஒப்புக்கொண்டது. இப்போது திண்டிவனத்தில் அவருடைய மைத்துனிக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. அடிவயிற்றுக்கு 25 தவணை கரண்ட், வாரம் ஒரு ஊசி. மூன்றாவது வாரத்தில் பேதியாகத் தொடங்கிவிட்டது, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை போகிறது என்று போன் வந்தது. பேதிக்கு அவரிடம் கைவசம் வைத்தியம் இருக்கிறது. லங்கணம், மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. போனில் சொன்னால் சரியாகச் செய்யமாட்டார்கள் என்று காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.